காய்ச்சல் நின்றுவிட்டது, இன்னும் எதற்கு ஊசி?

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் கடலூர் முதுநகரில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். என் தங்கச்சிக்கு 26 வயது. நெல்லிக்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு எட்டு மாதம். தங்கச்சிக்குப் பதினோரு வயதில் முட்டி, கணுக்கால், முழங்கை என்று மாறி மாறி வீங்கியது. இதய வால்வில் பழுது இருக்கிறது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிடூர் என்ற பெனிசிலின் ஊசி போடவேண்டும் என்றார்கள். கல்யாணம் வரைக்கும் போட்டோம், அப்புறம் விட்டுப்போனது. இந்த வருடம் கடைவாய்ப்பல் சீழ் பிடித்து, பிடுங்கினோம். சில வாரத்தில் சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சல். டைபாய்டு என்று இரண்டு தடவை மருந்து கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடும்போது நிற்கும், விட்டால் வரும். உடம்பு பாதியாகி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஏழு வாரம் கழித்துப் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எக்கோ பார்த்து, வால்வில் கிருமி, ஆறு வாரம் ஊசி, ஆபரேஷனும் தேவைப்படலாம் என்கிறார்கள். ஆனால் ரத்தத்தில் கிருமி எதுவும் வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். காய்ச்சல் சுத்தமாக இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். கிருமியே இல்லை என்றால் எதற்கு ஊசி? மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாமா? செல்போனில் தேடினால் இது போதை ஊசி போடுகிறவர்களுக்கு வரும் நோய் என்று வருகிறது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு மாதிரி கேட்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒட்டுமா? சின்னவனுக்குத் தாய்ப்பால் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கூட்டிக்கொண்டு வராதீர்கள். மற்றக் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக வருகிறேன். இந்த ஒரு வரியை மட்டும் உங்கள் அம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

காய்ச்சல் நின்றது நல்ல அடையாளம்தான். மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் வால்வில் இருக்கிற கிருமி செத்துத் தீர்ந்தது என்று அர்த்தம் இல்லை. நீங்கள் படகு வேலை பார்ப்பவர். கரையேற்றிய படகின் அடியில் பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டிருக்குமே, மேலே தண்ணீர் ஊற்றினால் போகாது, உட்கார்ந்து சுரண்டவேண்டும். பழுதான வால்வின் விளிம்பில் கிருமி அப்படித்தான் ஒட்டுகிறது. இந்த நோய்க்கு எண்டோகார்டைட்டிஸ் என்று பெயர். அதன் மேல் ரத்தத் தட்டணுக்களும் உறைந்த நாரும் அடுக்கடுக்காகப் படிந்து ஒரு சின்னக் கட்டியாகிவிடும். எக்கோ ரிப்போர்ட்டில் ‘வெஜிடேஷன்’ என்று எழுதியிருப்பார்கள், எத்தனை மில்லிமீட்டர் என்றும் போட்டிருப்பார்கள். வால்வு இதழுக்குள் ரத்தக் குழாய் அவ்வளவாகக் கிடையாது. அதனால் உடம்பின் வெள்ளை அணுக்கள் அந்தக் கட்டிக்குள் எளிதில் போகமுடியாது. உள்ளே இருக்கும் கிருமியோ பெருகாமல் மந்தமாகக் கிடக்கும். பெருகுகிற கிருமியைத்தான் பெனிசிலின் வகை மருந்துகள் சுலபமாகக் கொல்லும், தூங்குகிறதைக் கொல்ல நாளாகும். நாலு முதல் ஆறு வாரம், அதுவும் ரத்தக் குழாய் வழியாக, அதிக அளவில் என்பதற்குக் காரணம் இதுதான்.

இது யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்ட எண் இல்லை. பெனிசிலின் வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் இறந்தார்கள். 1940களின் தொடக்கத்தில் பெனிசிலின் கிடைத்தபோது, கையிருப்பு குறைவு என்பதால் கொஞ்சமாக, சில நாட்களுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்கியது, நிறுத்தியதும் ஏறியது. ‘இந்த மருந்து இந்த நோய்க்கு உதவாது’ என்று கைவிடும் நிலைக்கே போய்விட்டார்கள். அதிக அளவில், வாரக்கணக்கில் கொடுத்த பிறகுதான் ஆட்கள் பிழைத்தார்கள். பன்னிரண்டாவது நாளில் நிறுத்தினால் உங்கள் தங்கச்சிக்கும் அதுதான் நடக்கும்: மறுபடி காய்ச்சல், அதற்குள் இன்னும் கொஞ்சம் அரிக்கப்பட்ட வால்வு.

மாத்திரைக்கு மாறமுடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கக்கூடிய கேள்விதான். டென்மார்க்கில் 400 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து 2018இல் முடிவு வெளியானது. குறைந்தது பத்து நாள் ஊசி போட்டு நிலைமை சீரானவர்களைப் பாதிப் பேராகப் பிரித்து மாத்திரைக்கு மாற்றினார்கள். ஊசியிலேயே தொடர்ந்தவர்களைவிட அவர்கள் மோசமாகவில்லை. ஆனால் அங்கே ஒவ்வொருவருக்கும் என்ன கிருமி என்று தெரியும். அந்தக் கிருமிக்கு எந்த மாத்திரை கேட்கும் என்றும் தெரியும், இரண்டு மாத்திரை சேர்த்துக் கொடுத்தார்கள். மாற்றுவதற்கு முன் உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்த்தார்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வரவழைத்துச் சோதித்தார்கள். உங்கள் தங்கச்சிக்கு என்ன கிருமி என்றே தெரியவில்லை. மெடிக்கலில் வாங்கும் மாத்திரை அந்த ஆய்வில் வந்த மாத்திரை ஆகாது.

இனி, கிருமியே வளரவில்லை என்ற ரிப்போர்ட். நீங்கள் கேட்டதிலேயே முக்கியமான கேள்வி இதுதான், எனக்குக் கோபம் வருகிற இடமும் இதுதான்.

ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சரை எப்படி எடுக்கவேண்டும் தெரியுமா? ஆன்டிபயாடிக் எதுவும் உள்ளே போவதற்கு முன் எடுக்கவேண்டும். ஒரே இடத்தில் எடுத்தால் போதாது. இடது கை, வலது கை என்று இடம் மாற்றி, இடைவெளி விட்டு, மூன்று தடவை. தோலைத் துடைத்து அது காயும் வரை காத்திருக்கவேண்டும். ஒரு பாட்டிலுக்கு எட்டு முதல் பத்து மில்லி ரத்தம். இரண்டு மில்லி எடுத்துப் பாட்டிலில் ஊற்றுவது சடங்கு. பிறகு அந்தப் பாட்டில்கள் கருவிக்குள் ஐந்து நாளாவது இருக்கவேண்டும். இப்படிச் செய்தால் வால்வில் கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது இன்ன கிருமி என்று தெரிந்துவிடும். மேலை நாடுகளில் பத்தில் ஒருவருக்குத்தான் ரிப்போர்ட் வெறுமையாக வருகிறது. நம் நாட்டு ஆய்வுகளில் பாதிப் பேர் வரை வெறுமையாக வந்திருக்கிறது. காரணம் லேப் மட்டும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் நோயாளி எத்தனை ஆன்டிபயாடிக் விழுங்கியிருப்பார் என்பதுதான் பெரிய காரணம்.

உங்கள் தங்கச்சிக்கு இரண்டு தடவை டைபாய்டு மருந்து போயிருக்கிறது. அது வால்வில் இருந்த கிருமியைக் கொல்லாது, ஆனால் பாட்டிலில் வளரமுடியாத அளவுக்கு அடக்கிவைக்கும். போலீஸ் வருவதற்கு முன் ரேகையைத் துடைத்துவிட்டோம், அவ்வளவுதான். கிருமி இல்லை என்று ஆகாது. சாதாரணப் பாட்டிலில் வளராத கிருமி வகைகளும் சில உண்டு. ஆடு மாடோடு புழங்குகிறவர்கள் வீட்டில் இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்குத் தனி ரத்தப் பரிசோதனை இருக்கிறது. முன்பு சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகள், சீட்டுகள் இருந்தால் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்த மருந்துக்குக் காய்ச்சல் இறங்கியது என்பதும் டாக்டருக்கு ஒரு தடயம்.

டைபாய்டு என்று சொன்னவர்கள் அநேகமாக விடால் என்ற ஒரே ஒரு டைபாய்டு ரத்த டெஸ்ட்டை வைத்துச் சொல்லியிருப்பார்கள். நம் பக்கத்தில் யாருக்குப் பார்த்தாலும் விடாலில் ஏதோ ஒரு எண் வரும். கடலூர், விழுப்புரம், பாகூர்ப் பக்கம் நீண்ட காய்ச்சல் என்றால் பூச்சிக்கடியால் வரும் ஸ்கிரப் டைபஸ் இருக்கிறது, டிபி இருக்கிறது, டைபாய்டும் நிஜமாகவே இருக்கிறது. ஆகவே முதல் தடவை சந்தேகப்பட்டதைக் குறை சொல்லமாட்டேன். வால்வுப் பழுது உள்ள பெண், காய்ச்சல் திரும்பி வருகிறது, மூச்சு வாங்குகிறது. இரண்டாவது தடவையும் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்காமல் அதே மருந்தை எழுதியதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வால்வு விஷயத்தை நீங்கள் சொன்னீர்களா, அவர்கள் கேட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. இனிமேல் சொல்லுங்கள். தங்கச்சியின் ஆஸ்பத்திரி நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்: ‘வால்வு நோய் உண்டு. எண்டோகார்டைட்டிஸ் வந்திருக்கிறது. காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன் பிளட் கல்ச்சர் எடுக்கவும்.’ எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

போதை ஊசி விஷயம். செல்போன் பொய் சொல்லவில்லை, வேறு ஊர்க் கதையைச் சொல்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்று இந்த நோய் வருகிறவர்களில் நிறையப் பேர் வயதானவர்கள், செயற்கை வால்வோ பேஸ்மேக்கரோ வைத்தவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள். இளவயதில் வந்தால் அங்கே போதை ஊசி ஒரு பெரிய காரணம். நம்மைப் போன்ற நாடுகளில் கட்டிலில் படுத்திருப்பவருக்கு வயது பெரும்பாலும் இருபது, முப்பதுதான். சின்ன வயதில் தொண்டைப் புண் வந்து, அதிலிருந்து ருமாட்டிக் காய்ச்சல் வந்து, மூட்டு வீங்கி, வால்வு பழுதானவர்கள். அல்லது பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருந்து அடைக்காமல் விட்டவர்கள். நூறு வருடத்துக்கு முன் அந்த நாடுகளிலும் இதே கதைதான். நெருக்கடியான வீடுகள் குறைந்து, தொண்டைப் புண்ணுக்குப் பெனிசிலின் சுலபமாகக் கிடைத்ததும் அங்கே ருமாட்டிக் நோய் பெரும்பாலும் மறைந்தது. நம்மிடம் மறையவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை இதற்கென்று 2018இல் ஒரு தனித் தீர்மானமே போட்டது.

மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல உங்களிடம் சாட்சியே இருக்கிறது. போதை ஊசியால் வருவது பெரும்பாலும் இதயத்தின் வலது பக்க வால்வில். எக்கோ ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ‘மைட்ரல்’ அல்லது ‘அயோர்ட்டிக்’ என்று இருந்தால் அது இடது பக்கம், ருமாட்டிக் நோய் தாக்குகிற இடம். பதினோரு வயதில் வீங்கிய முட்டியிலிருந்து ஒரே கோடாக இன்றைக்கு வந்து நிற்கிறது. இதில் அந்தப் பெண் வெட்கப்பட ஒன்றுமில்லை. வார்டு டாக்டரிடமே மாப்பிள்ளையை அழைத்துப்போய் இதைக் கேட்க வையுங்கள். நீங்கள் சொல்வதைவிட அது எடுபடும்.

பல் பிடுங்கியதால்தான் வந்ததா? இருக்கலாம். வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகள்தான் ருமாட்டிக் வால்வில் அதிகம் ஒட்டுகின்றன. ஆனால் பல் மருத்துவர் மேல் பழி போடாதீர்கள். ஈறு கெட்டிருந்தால் தினமும் சோறு மெல்லும்போதும் பல் தேய்க்கும்போதும்கூடக் கிருமி ரத்தத்தில் ஏறும். சீழ் பிடித்த பல்லை வாயிலேயே வைத்திருப்பதும் ஆபத்துதான்.

இனிமேல் ஒன்று மாறும். ஒருமுறை எண்டோகார்டைட்டிஸ் வந்துவிட்டால், பல் பிடுங்குவது, ஈறில் கை வைப்பது போன்ற வேலைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் ஒரே ஒரு வேளை ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ளவேண்டும். ஆயுள் முழுக்க. வழக்கமாக அமாக்சிசிலின் இரண்டு கிராம். பெனிசிலின் ஊசி தொடர்ந்து போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு வாய்க் கிருமி அதற்குப் பழகியிருக்கும் என்பதால் வேறு மருந்து தருவார்கள். டாக்டரிடம் அதையும் நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நின்றுபோன பெனிடூர் ஊசி பற்றி. கல்யாணத்தோடு நிற்பது நம் ஊரில் சகஜம். புகுந்த வீட்டில் சொல்லவில்லை, புது ஊரில் போட ஆள் இல்லை, ஊசியும் உயிர் போகிற மாதிரி வலிக்கும். அந்த ஊசி வால்வில் கிருமி ஒட்டுவதைத் தடுக்காது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். ருமாட்டிக் காய்ச்சல் மறுபடி வந்து வால்வை மேலும் கெடுப்பதைத்தான் தடுக்கும். வால்வுப் பழுது உள்ளவர்களுக்கு நாற்பது வயது வரையாவது அது வேண்டும், சிலருக்கு அதற்கு மேலும். டிஸ்சார்ஜ் ஆகும் முன் எங்கே, எந்தத் தேதியில் போடுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இதயம் ரொம்பப் பலவீனமாக இருந்தால் ஊசிக்குப் பதில் பெனிசிலின் மாத்திரை தருவதும் உண்டு, அது அவர்கள் முடிவு.

ஆபரேஷன் என்றதும் பயந்திருப்பீர்கள். மூன்று காரணங்களுக்காக வால்வு ஆபரேஷனுக்குப் போவோம். வால்வு கிழிந்து இதயம் திணறுவது முதல் காரணம், பெரும்பாலும் அதுதான். சரியான மருந்து கொடுத்தும் கிருமி அடங்காமல் வால்வைச் சுற்றிச் சீழ் கட்டுவது இன்னொன்று. கட்டி பெரிதாக இருந்து, துண்டு துண்டாக உடைந்து மூளைக்கோ வேறு உறுப்புக்கோ போகும் ஆபத்து மூன்றாவது. ‘ஆறு வாரம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று குடும்பத்தார் கெஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். இதயம் திணற ஆரம்பித்துவிட்டால் காத்திருப்பதுதான் ஆபத்து, டாக்டர் ‘இப்போதே’ என்றால் இப்போதே. சொந்த வால்வைச் சரிசெய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் வால்வு வெளிநாட்டுச் சரக்காகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாக்கிய சித்ரா வால்வை 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். விலை குறைவு, இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. உலோக வால்வு என்றால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை எல்லாம் உண்டு. அந்த மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. இன்னொரு குழந்தை வேண்டுமா என்பதைத் தங்கச்சியும் மாப்பிள்ளையும் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் மனம்விட்டுப் பேசவேண்டும். அது அவர்கள் இருவரும் பேசவேண்டிய விஷயம், அண்ணனாக நீங்கள் ஞாபகப்படுத்தினால் போதும்.

பணம் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் யோசிக்காமல் இருந்திருக்கமாட்டீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் இன்றைக்கே கேளுங்கள், ஆபரேஷன் தேதி வைத்த பிறகு ஓடாதீர்கள். தனியாரில் இருக்கிறீர்கள் என்றால், ஜிப்மர் போன்ற அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதில் தவறில்லை. ஆனால் டாக்டர் எழுதிய கடிதம், கொடுத்த மருந்து விவரம், எக்கோ சிடி எல்லாம் கையோடு போகவேண்டும், ஒரு வேளை ஊசிகூடத் தவறக்கூடாது. முதல் இரண்டு வாரம் கடந்து, நிலைமை நிலையாக இருந்து, தினம் ஒரு வேளை போடும் ஊசியாக இருந்தால், மீதியை வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளச் சில டாக்டர்கள் சம்மதிப்பார்கள். அதை அவரிடம் கேட்கலாம். கேட்காமல் கிளம்புவதுதான் கூடாது.

பக்கத்தில் இருக்கும் உங்கள் அம்மா கவனிக்கவேண்டியவை: வாய் கோணுவது, கை கால் சோர்ந்து விழுவது, பேச்சு குழறுவது, இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, இடது விலாவுக்குக் கீழ் திடீர் வலி, ஒரு கால் மட்டும் சில்லிட்டு வலிப்பது, தலையணை இல்லாமல் படுத்தால் மூச்சு முட்டுவது. இதில் எது வந்தாலும் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கவேண்டாம், அப்போதே நர்ஸைக் கூப்பிடவேண்டும். கையில் ஊசி செருகியிருக்கும் இடம் சிவந்தாலோ வலித்தாலோ அதையும் சொல்லவேண்டும். அந்த வழியாகவே புதுக் கிருமி ஏறலாம். ஜென்டாமைசின் ஊசி போடுகிறார்கள் என்றால், காதில் இரைச்சல், தலைச்சுற்றல், சிறுநீர் குறைவு இருக்கிறதா என்று தினமும் கேட்கச் சொல்லுங்கள்.

ஆறு வாரம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு முதல் இரண்டு மாதம் உஷார். நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் அப்போதுதான். காய்ச்சல் என்றால் மெடிக்கல் பக்கம் போகாமல் நேரே அதே ஆஸ்பத்திரிக்கு.

பிள்ளைகளுக்கு ஒட்டாது. ஒரே பாயில் படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். ஆனால் பெரிய பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயது வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். சளி, தும்மல் இல்லாமல் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, கழுத்தில் நெறி கட்டி வலித்தால் உப்புத் தண்ணீரோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். தொண்டைப் புண் தொடங்கி ஒன்பது நாளுக்குள் சரியான மருந்து ஆரம்பித்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். டாக்டர் எத்தனை நாளுக்கு எழுதினாரோ அத்தனை நாளும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கவேண்டிய இடம் அது.

சின்னவனுக்குத் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். பெனிசிலின், செஃப்ட்ரியாக்சோன், ஜென்டாமைசின் மூன்றும் பாலில் போவது மிகக் கொஞ்சம். பிள்ளைக்கு லேசாக வயிறு இளகலாம், வாயில் வெள்ளை படியலாம், இரண்டும் சரியாகிவிடும். மூச்சு வாங்கலுக்கு நீர் பிரியும் மாத்திரை கொடுத்தால் பால் கொஞ்சம் குறையும். வார்டுக்குள் எட்டு மாதப் பிள்ளையைக் கொண்டுபோய் நாள் முழுக்க வைத்திருக்கவேண்டாம், அங்கே வேறு தொற்று இருக்கும். நர்ஸிடம் கேட்டு, பார்வையாளர் நேரத்தில் வெளி வராந்தாவுக்கு எடுத்து வாருங்கள். மற்ற நேரம் கட்டாமல் இருக்கப் பாலைக் கறந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். எட்டு மாதப் பிள்ளை என்பதால் இட்லி, பருப்புச் சாதம், வாழைப்பழம் என்று பாட்டி மற்ற வேளைகளைப் பார்த்துக்கொள்ளலாம்.